சுவரோரம் இருந்த குவியல்

நேற்று, நோன்பின் கடைசி நாள் பிற்பகலில், கோவில்பத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் ஆய்வேட்டின் ஒரு வாக்கியத்தோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது, டவுனிலுள்ள கடையிலிருந்து வாப்பா கைப்பேசியில் ஒரு வரி அனுப்பியிருந்தார்: ‘ஃபித்ரா அனுப்பப் போறேன். ஒனக்கும் சேத்து அனுப்பிடவாம்மா?’

சென்ற ஆண்டுவரை இந்தக் கேள்வி என்னிடம் வந்ததில்லை. பெருநாள் பிறக்குமுன், தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் குடும்பத்தலைவர் ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டிய தானியம் ஃபித்ரா. நான் வாப்பாவின் பொறுப்பில் இருந்தேன். ஆகவே அவர் கொடுத்தார். இவ்வாண்டு ஆய்வு உதவித்தொகை என் பெயருக்கு வரத் தொடங்கியிருக்கிறது. சொந்த வருவாயுள்ள, வயதுவந்த மகளுக்காகக் கொடுப்பது தந்தையின் கடமையன்று. விரும்பிக் கொடுப்பதென்றால் அவளுடைய சம்மதம் வேண்டும். வாப்பா முறைப்படி கேட்டுவிட்டார். ஒரு காற்புள்ளியை எங்கே வைப்பதென்று அரைநாள் யோசிக்கிறவள் நான் என்பது உண்மைதான். ஆனால் நேற்றைய தயக்கம் அதனால் வந்ததன்று. அதே கேள்வியை, அதே வாப்பா, வேறொருவரிடம் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

என் சிறுவயதில் ஃபித்ரா அரிசியாகவே போனது. பூவம் கிராமத்திலிருந்து வந்த மூட்டையைப் பிரித்ததும் தவிட்டுத் தூசியின் இளஞ்சூடான வாசனை கூடம் முழுவதும் பரவும். வாப்பா மீன்வலையும் கயிறும் விற்பவர். அவர் சட்டையில் எந்நாளும் நைலான் கயிற்று வாசனை இருக்கும். இரண்டும் கலந்த அந்த மணமே எனக்குப் பெருநாளின் முதல் அறிவிப்பு. அத்தரும் பிரியாணியும் அதற்குப் பிறகுதான். உம்மா பாயை விரித்து, வளைகுடாவிலிருந்து வந்த பழைய பால்மாவு டின்னை எடுத்துக்கொண்டு உட்காருவார். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பதற்கு டின்னின் உட்புறம் நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்திருந்தார். தலைக்கு ஒரு குவியல். இது வாப்பாவுக்கு, இது எனக்கு என்று உம்மா சொல்லச் சொல்ல, நான் என் குவியலின் உச்சியை விரலால் கூராக்குவேன்.

தம்பி பிறந்த ஆண்டில் எனக்கு ஒரு நியாயப் பிரச்சினை எழுந்தது. “தம்பிக்கும் எனக்கும் ஒரே அளவாம்மா? நான் அரை நோன்பெல்லாம் வச்சேன். அவன் நாள் பூரா பால் குடிச்சான்.”

“ஏண்டி, தலையில முடி இல்லேன்னா தலையே இல்லேங்கிறியா?” என்றார் உம்மா.

அந்த ஆண்டுதான் ஜமீலா மாமி எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். வாப்பாவின் தங்கை; அண்ணனை ‘நானா’ என்று அழைப்பார். கத்தாருக்குப் போன கணவரிடமிருந்து முதலில் பணம் நின்றது. பிறகு தொலைபேசி அழைப்பும் நின்றது. யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை. உம்மா அளந்து முடிக்கும் நேரத்தில் வாப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். உள்ளே பார்க்காமல், சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக் கேட்டார்:

“ஜமீலா, ஒனக்கும் சேத்து குடுத்துடவா?”

மாமி நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். சட்டியின் அடியை உரசிக்கொண்டிருந்த கரண்டியின் ஒலி நின்றது.

“அவரு அங்கேயே குடுத்திருப்பாரு நானா.”

கரண்டி மறுபடியும் உரசத் தொடங்கியது. மனைவிக்காகக் கொடுப்பது கணவனின் கடமை. ‘குடுங்க’ என்று மாமி சொல்லியிருந்தால், தன்னைக் கணக்கில் வைத்துக்கொள்ள ஒரு கணவன் இல்லை என்று அந்த வீட்டில் முதன்முதலாக அவரே அறிவித்ததாகியிருக்கும். அன்று எனக்கு இதெல்லாம் புரியவில்லை. கஞ்சி அடிப்பிடித்துவிடுமே என்பதுதான் என் கவலை.

உம்மா டின்னை இன்னொரு முறை நிரப்பிச் சுவரோரமாகக் கொட்டினார்.

“இது யாருக்கும்மா?”

“வாங்குறவங்களுக்கு. பேசாம இரு.”

யார் பெயரும் இல்லாத அந்த அரிசி, மறுநாள் காலை தொழுகைக்கு முன் மற்றக் குவியல்களோடு சாதாரண தருமமாகப் போயிற்று. அடுத்த ஆண்டும் அதே கேள்வி, அதே பதில், சுவரோரம் அதே குவியல்.

அதற்கும் அடுத்த ஆண்டு மாமி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்திருந்தார். காலையில் புர்காவின் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேருந்துக்கு ஓடுவார். அவ்வாண்டு கடைசி நோன்பன்று ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடுப்பில் ஓர் அரிசிப் பை. வாப்பா வழக்கம்போல நாள்காட்டியின் பக்கம் திரும்பினார்.

“ஜமீலா, ஒனக்கும்...”

“இல்ல நானா. அவரு குடுத்திருக்க மாட்டாரு. போன வருசமும் குடுத்திருக்க மாட்டாரு. என் தலைக்கு நானே குடுத்துக்கிறேன்.”

பாடம் நடத்தும் குரலில், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார். தனக்கு வேறொருவர் கொடுக்க வேண்டிய தேவை இருந்தவரை அவரால் அதைச் சொல்ல முடியவில்லை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. வாப்பா நாள்காட்டியை விட்டுவிட்டுத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைத் தொட்டு, “நல்ல அரிசியா?” என்றார்.

“ஒங்க பூவத்து அரிசியவிட நல்ல அரிசி. கல்லு இல்ல.”

“இத்தன நாளா அந்தக் கல்லத் தின்னுட்டுத்தானே இருந்தே,” என்றார் பாயிலிருந்து உம்மா.

மாமி சிரித்தார். பிறகு சுவரோரம் பார்த்தார். உம்மா அதற்குள் அங்கும் ஒரு டின் கொட்டியிருந்தார்.

“அது யாருது மச்சி?”

“பழக்கத்துல அளந்துட்டேன்.”

“இருக்கட்டும். ரெண்டு வருசமா எனக்காகக் காத்துக்கிட்டிருந்த அரிசி. இனிமே அது வேற யாருக்காவது காத்திருக்கட்டும்.”

மறு ஆண்டு பள்ளிவாசல் ஜமாஅத்தில் பேசி மாமி மணவிலக்குப் பெற்றதைப் பெரியவர்கள் திடீர் முடிவு என்றார்கள். எனக்கு அது திடீரென்று தோன்றவில்லை. பாயில் மாமி தம் குவியலைத் தாமே கொட்டியதை நான் பார்த்திருந்தேன்.

நேற்று நான் வாப்பாவுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: ‘இந்த வருசம் நானே குடுத்துக்கிறேன் வாப்பா.’ எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கடையில் வாப்பாவுக்கு முன்னால் நாள்காட்டி இருக்கிறதா என்று யோசித்தேன். பிறகு வந்தது: ‘சரிம்மா. கல்லு இல்லாம பாத்துக்க.’

இப்போது எங்கள் வீட்டில் யாரும் அரிசி அளப்பதில்லை. ஜமாஅத்துக்குக் கைப்பேசி வழியாகவே அனுப்பிவிடுகிறோம். அவர்கள் அரிசியாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். முறையாக, உரிய நேரத்தில் போய்ச் சேர்கிறது. எனக்கு அதில் குறையில்லை. அனுப்பும்போது எத்தனை தலை என்று கேட்டார்கள். ஒன்று என்று சொன்னேன். பாய் இல்லை, பால்மாவு டின் இல்லை. மாமியிடம் கேட்கவும் முடியாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல், உம்மா சுவரோரம் கொட்டி வைத்த அந்தக் கூடுதல் அரிசிக்கு மட்டும் இந்தக் கணக்கில் இடமே இல்லை.