வல்லாரைப் பாத்தி

கிரவீனில் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டில் இருக்கும் லோஜன் இந்த நாட்டுக்கு அகதியாகப் படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா. தை மாதம் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது, பழைய காஸ் பக்டரி இருந்த நிலத்தைத் தோண்டி அள்ளுவது. அந்தக் காலத்தில் அங்கே நிலக்கரியை உலையில் போட்டுக் காஸ் எடுத்து, தெருவிளக்குக்கும் அடுப்புக்கும் குழாயில் அனுப்பினார்களாம். வெளிச்சத்தை விற்றவர்கள் கழிவுத் தாரை மண்ணுக்குள் விட்டு மூடிவிட்டுப் போய்விட்டார்கள். என்ன மனிசர்களோ. இப்போது அங்கே அடுக்குமாடி வரப்போகிறது.

அந்த நாற்றம் எனக்குத் தெரியும். பூச்சி உருண்டையைத் தாரில் போட்டுக் காய்ச்சியதுபோல வேலி தாண்டி வந்து குமட்டும். வேலையிடத்திலேயே குளித்து, உடுப்பை அங்கேயே விட்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஆட்களோடு நின்று குளிக்க அவனுக்குக் கூச்சம். செத்தவீட்டால் வருபவன்போல, வாசற்படி மிதிக்காமல் பின்வளவுக் குழாயடியில் முழுகி, உடுப்பையும் தோய்த்துவிட்டுத்தான் உள்ளே போவான். எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று நானே மெச்சினேன். அதை நினைக்க இப்போது என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

குழாயடித் தண்ணீர் பாய்ந்தது அவன் மனைவி மேனுகாவின் வல்லாரைப் பாத்திக்கு. அவளுக்கு ஏழு மாதம். பிள்ளைக்கு ஞாபகசக்தி வரும் என்று ஒவ்வொரு நாளும் வல்லாரைச் சம்பல் சாப்பிடுவாள். எனக்கும் கிழமைக்கு ஒரு பிடி வேலிக்கு மேலால் வரும்.

நேற்றுப் பின்னேரம் லோஜன் முதன்முறையாக வேலையிடத்திலேயே குளித்து, வேறு உடுப்போடு வந்தான். வந்ததும் மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைக் கொத்தி, வல்லாரையை வேரோடு கறுப்புப் பையில் திணிக்கத் தொடங்கினான். மேனுகா வெளியே ஓடி வந்தாள்.

“என்னப்பா செய்யிறீங்கள்? நல்லா வளர்ந்து நிக்குது.”

அவன் நிமிரவில்லை. “இண்டைக்கு சேப்டி வகுப்பு வைச்சவங்கள். அங்க நாங்கள் குளிக்கிற தண்ணியைக்கூட டாங்கில பிடிச்சு லொறியில ஏத்திறாங்கள். மண்ணில விடக் கூடாதாம். அந்தத் தார் புற்றுநோய் தருமாம்.”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் முந்தநாள் தின்ற சம்பலை நினைத்தேன்.

மேனுகா குழாயைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். பிறகு வயிற்றில் கையை வைத்தாள்.

“தையில தானே இந்த வேலைக்குப் போனனீங்கள்,” என்றாள். “பிள்ளையும் தையில தானே தங்கினது.”