ஓட்டோவும் கீர்ஸ்டனின் மாடும்

ஓட்டோ இன்று காலை போய்விட்டார்.

டியூட்டிக்குப் போய் யூனிஃபோர்மை மாட்டும்போதுதான் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு எழுப்பப் போனால் மூச்சு இல்லையாம்... நித்திரையிலேயே.

ஓட்டோ அவருடைய உண்மையான பெயர் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் பெயர் சொல்லக்கூடாது. ஆனால் ஆளைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

வயது நூறைத் தாண்டியவர். ஜெர்மன்காரர். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவர். சும்மா ஓட்டவில்லை... எதிரி விமானங்களை வரிசையாக விழுத்தி மெடல் வாங்கியவர்.

போர் முடிந்து சில வருடங்களில், ஒரு டேனிஷ் பெண்ணுக்காக டென்மார்க்கில் இந்த வைலே நகரத்துக்கு வந்து, பென்ஷன் எடுக்கும்வரை டவுன் பஸ் ஓட்டினார்.

நான் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, இவரைக் குளிப்பாட்டுவது இனி என் வேலை என்றார்கள். பக்கத்து நகரமான கோல்டிங்கில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன்.

"பிளேன்காரனையோ குளிப்பாட்டுறாய்?" அம்மா கேட்டார். பிறகு, "தண்ணியைக் கொஞ்சம் சூடாவே ஊத்து."

யாழ்ப்பாணத்தில் பிளேன் சத்தம் கேட்டவுடன் எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தவர் அம்மா. அவருக்கு எந்த நாட்டுப் பிளேன்காரனும் ஒன்றுதான்.

எனக்கும் அந்தப் பழக்கம் முழுதாக விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஹெலிகொப்டர் கூரைக்கு மேலே தாழப் பறந்தது. அடுத்த நொடி நான் கோப்பிக் கேத்தலோடு மேசைக்குக் கீழே...

ஓட்டோ குனிந்து பார்த்தார். "அங்கை என்ன செய்யிறாய்?" டேனிஷில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான்.

"எங்கடை ஊரிலை பிளேன் வந்தா இப்பிடித்தான்."

"குண்டு போட்டவங்களோ?"

"ஓம்."

"எதிலை விழுந்தது?"

"எங்கடை கிணத்துக்குள்ளை."

"கிணத்துக்கோ குறி வைச்சவன்?" ஒரு தொழில்காரரின் அருவருப்போடு தலையை ஆட்டினார். "பிளேன் ஓட்டத் தெரியாதவன்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. மேசைக்குக் கீழே இருந்தே சிரித்தேன்.

போன வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு, பழைய போர் விமானங்களில் பைத்தியமான இரண்டு டேனிஷ்காரர்கள் வந்தார்கள். அவருடைய வீரத்தை வீடியோ எடுக்கவேண்டுமாம்.

"முதல் சண்டை எப்பிடி இருந்தது?"

ஓட்டோ கேக்கை மென்றுகொண்டே சொன்னார். "ரஷ்யாவிலை. நான் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தனான். முன் கண்ணாடி முழுக்க. எனக்கு எதிரியைத் தெரியேல்லை. அவனுக்கு என்னை நல்லாத் தெரிஞ்சுது. பரசூட்டிலை குதிச்சன்."

"மெடல்?"

"அது பிறகு பிரான்சிலை. நான் விழுத்தின பிளேனுக்குள்ளையும் பொடியள்தான் இருந்தவங்கள். கேக் சாப்பிடேக்கை அதைக் கதைக்கிறேல்லை."

"சரி... கடைசிப் பறப்பு?"

"இங்கை டென்மார்க்கிலை. விபோர்க்குக்குக் கிட்ட எண்ணெய் முடிஞ்சுது. ஒரு பீற்றூட் தோட்டத்திலை இறங்கினன். ஓரத்திலை கட்டியிருந்த மாடு ஒண்டு செத்துப்போச்சு."

பக்கத்து மேசையில் ஒரு முள்ளுக்கரண்டி தட்டில் விழுந்தது.

கீர்ஸ்டன். தொண்ணூறை நெருங்குகிறவர். ஒரே சாப்பாட்டு அறையில் ஓட்டோவோடு இரண்டு வருடமாகக் கோப்பி குடிப்பவர்.

"எந்த ஊர்?" என்று கேட்டார். ஓட்டோ ஊரைச் சொன்னார்.

"அது எங்கடை ரோசா! வயித்திலை கன்று!" கீர்ஸ்டன் ஓட்டோவின் பக்கம் திரும்பினார். "அப்பா அழுததை நான் அண்டைக்குத்தான் முதல்முதல் பாத்தனான்."

வீடியோக்காரர்கள் கமெராவை நிறுத்தினார்கள். கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து கீர்ஸ்டன் மேசையை மாற்றிக்கொண்டார். ஓட்டோ வந்தால் முதுகைக் காட்டி உட்காருவார். ஓட்டோ சரியாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கேக்கைக்கூடத் தொடவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே போனது. எங்களுக்குப் பயமாகிவிட்டது.

ஒருநாள் குளிப்பாட்டும்போது கேட்டுவிட்டேன். "எத்தினை பேரைச் சுட்டு விழுத்தினனீ. ஒரு மாட்டுக்கோ சாப்பிடாமல் இருக்கிறாய்?"

ஓட்டோ துவாயை இழுத்து மடியில் போட்டார்.

"அவங்கடை வீட்டாக்கள் ஒருத்தரும் எனக்குப் பக்கத்து மேசையிலை இல்லை" என்றார்.

நான் முதுகைத் துடைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டு, டை எல்லாம் போட்டுவிடச் சொன்னார். தலையை இரண்டு தரம் சீப்பால் இழுக்க வைத்தார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி வீல்செயாரில் இருத்தி, கீர்ஸ்டனின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"உன்ஸ்கூல், கீர்ஸ்டன்." டேனிஷில் மன்னிப்புக் கேட்கிற சொல். "மாட்டுக்காக."

கீர்ஸ்டன் பின்னல் ஊசியை நிறுத்தவே இல்லை. "என்னட்டை ஏன் கேக்கிறாய்? நான் மாடோ?"

ஓட்டோ என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"சரி, உள்ளுக்கு வா. வழியை மறிச்சுக்கொண்டு நிக்காதை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அங்கேதான். ரோசா எவ்வளவு பால் கறக்கும், யாரை உதைக்கும்... கீர்ஸ்டன் சொல்லச் சொல்ல ஓட்டோ கேட்டுக்கொண்டே இருப்பார்.

யாராவது ஓட்டோவிடம் போர்க் கதை கேட்டால் கீர்ஸ்டன் குறுக்கே வருவார். "இறங்கினனான் எண்டு சொல்லாதை. விழுந்தனீ."

"ஓம், விழுந்தனான்" என்பார் மெடல் வாங்கியவர். கேக்கும் திரும்பச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்.

இன்று காலை அவரைத் துடைத்து, நல்ல சேர்ட் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தேன். செத்தவரின் உயிர் வெளியே போவதற்கு... டேனிஷ்காரரின் வழக்கம் அது.

கீர்ஸ்டன் நடக்க உதவும் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். ஓட்டோவின் கொலரைச் சரிசெய்தார்.

"ஜன்னலைச் சாத்து" என்றார். "ஆளுக்குக் குளிர் ஒத்துவராது."

"உங்கடை வழக்கம்தானே..."

"தெரியும். சாத்து."

பாதி சாத்தினேன்.

போயிட்டு வாங்கோ, ஓட்டோ.