கொத்துக்காடு

அணைக்கட்டு என்கிற ஊருக்கு மேலே, மலையில் எங்கள் கிராமம். ஏர் ஓடுகிற சமமான இடத்தை அங்கே உழவுக்காடு என்போம். மாடு நிற்க முடியாத சரிவில் மண்வெட்டியால் கொத்திச் சாமை விதைக்கிற இடம் கொத்துக்காடு. எங்களிடம் மிச்சம் இருந்தது கொத்துக்காடு மட்டும்தான். அதை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பட்டா கிடையாது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் அனுபவத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் அதை ஆறப் போட்டிருந்தோம். விடாமல் விதைத்தால் மண் செத்துவிடும் என்று இடையில் சும்மா விடுவது மலையில் வழக்கம். புல்லும் புதரும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றன. நாங்கள் ரேஷன் அரிசியில் காலம் தள்ளினோம்.

அப்போதுதான் மலை விவசாயிகளுக்கு இலவசமாகக் கல்வரப்பு கட்டித் தரப்போகிறோம் என்று அரசாங்க ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் எங்கள் மண் ஓடையோடு போய்க்கொண்டிருந்ததால், அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். அதிகாரிக்கு மேலே ஏற உடம்பு வணங்கவில்லை. கீழேயே நின்று கையை நீட்டினார்.

"அங்க புதரா இருக்கே, அது என்னப்பா?"

"காடு சார். நம்ம காடு."

"காடா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"சத்தியமா காடு சார்!"

நிலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்கள் மலையில் யார் வாயிலும் அந்த வார்த்தை வராது. அவர்களுக்குக் காடு என்றால் மரம். மரத்துக்கு எதற்குக் கல்வரப்பு? அதற்கு வேறு திட்டம் வைத்திருந்தார்கள்.

குழி வெட்ட அப்பாவையே கூலிக்கு வைத்தார்கள். மழைத்தண்ணீர் தேங்கத்தான் குழி என்று நினைத்து, மற்றவர்களைவிட ஆழமாக வெட்டினார். "சாமை இனிமே ஜாஸ்தி வெளையும் பாரு" என்று என்னிடம் பீற்றிக்கொண்டார். பிறகு மரக்கன்றுகள் வந்து இறங்கின.

"சார், சாமை எங்க போடறது?" என்று கேட்டார்.

"காட்டுல போய் எவனாவது சாமை போடுவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அப்பாவும் சிரித்தார். கையில் ஒரு கன்றைக் கொடுத்துச் செல்போனில் படம் எடுத்தார்கள். அந்த வாரமே சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள்.

அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். "உன் வீட்டுக்காரர்தாம்மா சொன்னார். சத்தியம் வேற பண்ணினார்" என்றார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை.  வீட்டுக்கு வந்து அம்மா கஞ்சியை ஊற்றி அவர் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"திருடன்கூட ஆள் இல்லாத நேரம் பாத்துதான் வருவான். நீ பட்டப்பகல்ல கூப்ட்டு குடுத்துட்டியேய்யா."

அப்பா அந்தக் கஞ்சியைக் குடித்தார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நிலம் போனவர் என்று ஆபீசில் யாரோ இரக்கப்பட்டிருக்க வேண்டும். கன்றுகளுக்குக் காவல் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். காக்கிச் சட்டை போட்டதும் ஆளே மாறிப்போனார். வேலி ஓரம் யாராவது நின்றால் விசில் ஊதினார்.

ஆட்டுக்குத் தீனி இல்லாத ஒரு நாள், அம்மா கம்பியை விலக்கி உள்ளே போய்ப் புல் அறுத்தாள். நான் வெளியே கூடையோடு நின்றேன். அப்பா தடியோடு வந்தார்.

"வெளிய வாடி. ஆபீசர் வர்ற நேரம்."

"என் புல்லு. அறுக்கறேன்."

"எனக்கு வேலை போய்டும்டி!"

அரிவாளைப் பிடித்து இழுத்தார். அம்மா விடவில்லை. அவள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. அப்பா அரிவாளைப் பிடுங்கிக்கொண்டார். அறுத்து வைத்திருந்த புல்லையும் வாரி எடுத்துப் போனார், ஆபீசரிடம் காட்ட.

கையில் போட்ட கட்டைப் பிரிப்பதற்குள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆம்பூருக்கு இறங்கிவிட்டாள். இப்போது இரண்டு பேரும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். குளிர்காலத்தில் அம்மாவுக்கு அந்தக் கை சரியாக மடங்காது. அப்பாவைக் கூப்பிடவில்லையா என்று இங்கே கேட்கிறார்கள். கூப்பிட்டோம்.

"நான் வந்துட்டா மரத்த யாரு பாத்துக்கறது?" என்றார்.