வாட்ச்மேன் அடித்த சல்யூட்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தேனியில் நான் வேலை பார்த்த நூல் மில்லுக்கு வாட்ச்மேன். ஒல்லி உடம்பில் காக்கிச் சட்டை கொடியில் காய்வது போல ஆடும். யார் வந்தாலும் சல்யூட் அடிப்பார். பஞ்சு லாரிக்குக்கூட!

"லாரிக்குமா சல்யூட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள டிரைவரு இருக்காகல்ல ஆத்தா!"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அங்கே மோர் விற்பவளுக்கும் அடிப்பார். அவள் மோர் வெறும் தண்ணீர், அது வேறு கதை.

மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்த ஒருத்தியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கோஷம் போட்டால் போலீஸ் பிடிக்கும் காலம். அதனால் சாயங்காலம் சங்கு ஊதியதும், கேட்டைத் தாண்டும்போது பெண்கள் நாங்கள் பேசாமல் முஷ்டியை உயர்த்தினோம். முதலில் உயர்ந்தது என் கை. கைநாட்டு மட்டுமே வைக்கத் தெரிந்த கை.

மறுநாள் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தி, வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"முதல்ல கையத் தூக்குனது யாருய்யா? காட்டு."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"தெரியலைங்கய்யா. இவுக வர்றப்ப சல்யூட் அடிச்சுக்கிட்டு நின்னேன். கை கண்ண மறைச்சிருச்சு."

"பொம்பளைகளுக்கு எதுக்குய்யா சல்யூட்டு?"

"அவுகளும் நம்ம மில்லு ஆளுகதானய்யா."

அடுத்த நாள் கேட்டில் வேறு ஆள் நின்றார். பழையவர் வீடு எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. ஏனென்று இன்றுவரை தெரியவில்லை. சங்கு ஊதியது. வெளியே வந்தோம். யாரும் முஷ்டியை உயர்த்தவில்லை. என் ஒரு கையில் தூக்குவாளி இருந்தது. இன்னொரு கை சும்மாதான் இருந்தது.