சுவரில் செருகிய பிளக்

அந்தக் கம்ப்யூட்டரை எரித்தவன் நான். எரித்தாள் என்று பெயர் வாங்கியவள் ஜெசிந்தா. அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுக்க ஒரு பிளக்கை இடம் மாற்றினேன்... இப்போது உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிற இதே கையால்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்கள் வீட்டு மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு ஒருவன் ஏதாவது சொன்னால், நீங்களும் தலையாட்டுகிற ஆள்தான். நீங்கள் ஆட்டிய தலைகளை வைத்துத்தான் நான் பிழைத்தேன்.

2007 வாக்கில் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஆறு மாத டிப்ளமோ படித்த என்னை ஊரே இன்ஜினியர் என்றது. நான் உண்மையில் தேர்ந்திருந்த வித்தை ஒன்றுதான்: தெரியாததை முகத்தில் காட்டாமல் இருப்பது.

பக்கத்துத் தெருவில் காதர் பாயின் கல்யாண வீடியோ ஸ்டூடியோ. அந்தக் காலத்து மிக்ஸிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? வைகை அணைப் பூங்காவில் வியர்த்து வழிந்து நின்ற மாப்பிள்ளையை வெட்டி எடுத்துப் பனிமலையில் நிறுத்துவார்கள். பெண் தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவாள். பின்னால் இரண்டு டால்பின்கள் துள்ளும். சகிக்காது! ஆனால் ஊர் அதைத்தான் கேட்டது. பாயிடம் இருந்ததோ கம்பெனியே முழுதாகச் செய்து விற்ற, மூன்று வருடம் பழைய டெஸ்க்டாப். பனிமலை வருவதற்குள் நாலு முறை திணறி நிற்கும்.

"கிராபிக்ஸ் கார்டு போட்டாப் பறக்கும் பாய்" என்றேன். மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் நானே வாங்கி வந்தேன்.

ஜெசிந்தா அங்கே எடிட்டிங் செய்துகொண்டிருந்தாள். என் ஊர்க்காரிதான், ராயப்பன்பட்டி. அவள் சம்பளத்தில்தான் தங்கை நர்சிங் படித்தாள். நான் கேபினெட்டைக் கழற்றிக்கொண்டிருக்கையில் கார்டு வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பிறகு மெஷினுக்குள் குனிந்து பார்த்தாள்.

"அண்ணே, இந்தக் கார்டுக்கு முந்நூத்தம்பது வாட் வேணும்னு போட்டிருக்காக. உள்ள இருக்க எஸ்எம்பிஎஸ்ல இருநூத்தம்பதுன்னுதானே எழுதியிருக்கு? தாங்குமா?"

தாங்காது. எனக்கும் அது தெரியும்... மதுரையிலேயே தெரியும். எஸ்எம்பிஎஸ் என்றால் மெஷினுக்குள் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி. அதை மாற்றாமல் கார்டை மாட்டக் கூடாது. ஆனால் கம்பெனி மெஷினுக்கு அது தனி வடிவம். கடையில் கிடைக்கிற பெட்டி உள்ளே உட்காராது. சென்னைக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பறக்கும் என்று சொல்லிவிட்டுப் பாயிடம் போய், காத்திருங்கள் என்பதா? அதுவும் இவள் சொல்லி, நான் ஆமாம் என்பதா?

"ஆத்தா, நீ பொண்ணு மாப்பிள்ளைக்குப் பூத்தூவுற வேலையப் பாரு. வாட்ட நான் பாத்துக்கிறேன்."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். அவள் கார்டு வந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அற்பன்... அற்பப்பயல்!

ஐந்து வாரம் மெஷின் பறந்தது. ஆறாவது வாரம் ஒரு முற்பகலில் 'டப்' என்ற சத்தத்தோடு அணைந்தது. போய்த் திறந்தேன். எஸ்எம்பிஎஸ் கருகி, தன்னோடு ஹார்ட் டிஸ்கையும் கொண்டுபோயிருந்தது. இரண்டு கல்யாணங்கள் அதற்குள் இருந்தன. அவற்றைப் படம் பிடித்த கேசட்டுகளில் பாய் ஏற்கெனவே வேறு விசேஷங்களைப் பதிந்துவிட்டார், சிக்கனசிகாமணி!

வாசலில் யாரோ கூப்பிட, பாய் எழுந்து போனார். ஜெசிந்தா ஜன்னலைத் திறக்க அந்தப் பக்கம் திரும்பினாள். பிளக், கரண்டு ஏறி இறங்கினாலும் மெஷினைக் காக்கும் யூபிஎஸ்ஸில்தான் இருந்தது, அவள் என்றும் போடுகிற இடத்தில். பிடுங்கினேன். சுவரில் செருகினேன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு தும்மல் போடுகிற நேரம்!

பாய் திரும்பி வந்ததும் நான் பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பாய், பிளக்க யாரு நேரா சுவத்துல போட்டது?"

பாய் சுவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நம் பக்கத்துக் கரண்டு உங்களுக்குத் தெரியும். ஏறும், இறங்கும், தோட்டத்து மோட்டார்களையே சுட்டுத் தள்ளும். வேறு சாட்சி எதற்கு?

"நான் யூபிஎஸ்லதான் போட்டேன் பாய். சத்தியமா..."

"அப்ப பிளக்கு தானா நடந்து போச்சாக்கும்?" என்றார் பாய்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அழவில்லை. "அண்ணே, நீங்க சொன்னா அவுக நம்புவாக. சொல்லுங்கண்ணே" என்றாள். நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. 'மெஷினை எரிச்ச பொண்ணு' என்ற பேச்சு அவளுக்கு முன்பே கம்பம் போய்ச் சேர்ந்தது. எங்கே கேட்டாலும் இடமில்லை என்றார்கள்.

நான் கோயிலுக்குப் போகாதவன் அல்ல. ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தபசு காலத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, "அசிரத்தையா ஒரு கம்ப்யூட்டரக் கெடுத்துட்டேன் சாமி" என்றேன். ஜெசிந்தாவின் பெயர் வாயில் வரவில்லை. சாமியாரும் மன்னிப்புக் கொடுத்துவிட்டார். கடவுளிடம்கூடப் பிளக்கை மாற்றிச் செருகியவன் நான்!

இதோடு முடிந்திருந்தால் கோழை என்று மட்டும் என்னைச் சொல்லிவிட்டுப் போகலாம். முடியவில்லை.

அடுத்த வருடம் சின்னமனூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். புதிதாக ஸ்டூடியோ திறந்திருந்தார். பழக்கமில்லாதவர்.

"உங்க ஊர்ப் பொண்ணு ஜெசிந்தான்னு வேலைக்கு வந்திருக்கு. கை வேகமாத்தான் இருக்கு. ஆனா மெஷின எரிச்சதா வெளிய சொன்னாக. கேட்டா, 'அண்ணனுக்கு நடந்தது தெரியும், அவுககிட்டயே கேட்டுக்கங்க'ன்னு உங்க நம்பரத் தருது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாச் சேத்துக்கிறேன்."

என் நம்பரை! ஒரு வருடத்துக்குப் பிறகும் என்னை மனிதன் என்று நம்பி...

ஒரே ஒரு வார்த்தை. நல்ல பெண், சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் போதும். நடந்ததை விளக்கக்கூட வேண்டாம். ஆனால் அவளை நல்லவள் என்றால், எரித்தது யார் என்று அடுத்த கேள்வி வருமே? வராமலும் போயிருக்கலாம்...

"பொண்ணு தங்கமான பொண்ணுதாங்க. மெஷின் விஷயத்துல மட்டும் கொஞ்சம் அசால்ட்டு. பாத்துச் சேத்துக்கங்க."

"நல்லவேளை, உங்களக் கேட்டேன்" என்று நன்றி சொன்னார். நானும் பெருந்தன்மையாக, "இருக்கட்டுங்க" என்றேன்.

போனை வைக்கும் முன்பு, அவர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

"கேட்டுட்டேம்மா. நீ கெளம்பு."