பேசுவதற்கு முப்பத்திரண்டு சொற்கள்

பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியை. பதினொன்றாம் வகுப்புக்கு வருஷா வருஷம் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம் எடுப்பேன். பேசுவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பலகை நிறைய எழுதிப் போடுவேன். டாக், ஸ்பீக், சே, டெல், சாட், காசிப், விஸ்பர், மம்பிள் என்று தொடங்கினால் முப்பத்திரண்டு வரை போகும். பிள்ளைகளுக்கு எல்லாமே ‘பேசு’தான். எந்த இடத்தில் எதைப் போடுவது என்று விளங்க வைப்பதற்குள் இரண்டு பீரியட் ஓடிவிடும்.

ஒரு வருஷம் ஒரு மாணவி எழுந்து, ஸ்பீக்குக்கும் டாக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். ஸ்பீக் பண்ண ஒருத்தர் போதும், டாக் பண்ணத்தான் ரெண்டு பேர் வேணும் என்றேன். அது முழுக்கச் சரியில்லை என்றாலும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன்.

“அப்ப நான் இத்தனை வருஷமா உன்கிட்ட ஸ்பீக்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவருக்குப் பேச்சுதான் தொழில். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் இருந்தது, ஆனால் ஊரில் அவரை அறுப்பு மெஷின்காரர் என்றுதான் சொல்வார்கள். மெஷின் ஒன்றுகூட அவருடையது இல்லை. சேலம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளை யார் வயலுக்கு என்றைக்கு அனுப்புவது என்று ஏற்பாடு செய்வார். மழை வருவதற்குள் எல்லோருக்கும் மெஷின் வேண்டும். அத்தனை பேரையும் போனிலேயே சமாளிப்பார். கோபமாகப் பேசியவன் சிரித்துக்கொண்டே போனை வைப்பான்.

வீட்டுக்கு வந்தாலும் பேச்சு ஓயாது. வாய்க்கால் மதகில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், டெல்டா முழுக்க எங்கே பயிர் சாய்ந்தது, எல்லாம் சொல்வார். நானோ ஐந்து பீரியட் கத்திவிட்டு வந்திருப்பேன். நோட்டைத் திருத்திக்கொண்டே ‘உம்’ போடுவேன். ஒரு மணி நேரம் இந்த மனுஷர் சும்மா இருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். அதை அவரிடமே சொன்னதும் உண்டு.

போன வருஷம் ஐப்பசியில், எங்கள் வயலில் சம்பாவுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, வரப்பிலேயே விழுந்துவிட்டார். களை எடுத்த பெண்கள்தான் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் வகுப்பில் இருந்தேன். தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது, சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். தஞ்சாவூரில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூளையின் இடப்பக்கம் ரத்தம் அடைத்துவிட்டது, வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு வருமா என்று கேட்டேன். மற்றவர்கள் சொல்வது ஓரளவு புரியும், அவர் நினைக்கிற சொல் வாய்க்கு வராது, பயிற்சி கொடுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் ஒரு சொல் வந்தது. “அந்தா.” ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். இனி ஒவ்வொன்றாக வரும் என்று நினைத்தேன். வந்தது அது ஒன்றுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்தா, வலித்தாலும் அந்தா, யாராவது வந்தாலும் அந்தா. குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வாரம் இரண்டு முறை தஞ்சாவூரிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள். மாடு, செம்பு, பஸ். அவர் வாயைத் திறப்பார், நெற்றி வியர்க்கும், கடைசியில் அந்தா என்பார். அவள் போன பிறகு நானும் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். இருபத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு அந்நிய மொழியையே பேசக் கற்றுக்கொடுத்தவளால், என் வீட்டுக்காரரை ‘செம்பு’ என்று சொல்ல வைக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் போன் வந்துகொண்டிருந்தது. இடது கையால் எடுத்து, அந்தா, அந்தா என்பார். மறுபக்கம் போனை வைத்துவிடுவார்கள். சிநேகிதர்கள் வந்தார்கள். காது கேட்காதவரிடம் பேசுவது போல உரக்கப் பேசினார்கள். பிறகு என்னிடம் பேசினார்கள். பிறகு வருவதை விட்டுவிட்டார்கள். அந்தச் சம்பா அறுப்புக்கு மெஷின் ஏற்பாட்டை வேறொருவர் பார்த்துக்கொண்டார்.

தை மாதம் ஒரு காலை, கிழக்கே கையை நீட்டி அந்தா என்றார். அது தண்ணீருக்கான குரல் இல்லை, வலிக்கான குரலும் இல்லை. எனக்குத் தெரியாத குரல். பசியா, தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டி இல்லை என்று காட்டினார். வயலா என்றேன். யாரையாவது பார்க்க வேண்டுமா என்றேன். எல்லாவற்றுக்கும் இல்லை.

மறுநாளும் அதே. ஆட்டோ வைத்து வயலுக்குக் கூட்டிப்போனேன். அறுத்து நின்ற நெல்தாள்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிழக்குத் தெருவிலிருந்த அவருடைய சிநேகிதரைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவரையும் வேண்டாம் என்று கையால் தள்ளினார். சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகன் வீடியோவில் வந்து அரை மணி நேரம் கேட்டான். பீரோ, பத்திரம், குலதெய்வம், தாத்தாவின் சமாதி என்று அவனுக்குத் தோன்றியதையெல்லாம் கேட்டான். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம், பள்ளி விட்டு வந்ததும் வராததுமாக என் சேலையைப் பிடித்து இழுத்து அந்தா என்றார். எனக்கு உடம்பில் தெம்பில்லை.

“எனக்குப் புரியலங்க. விட்டுடுங்க” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். சேலையை விட்டார். கை மெதுவாகக் கட்டிலில் விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. மூளையில் புதிதாக ஒன்றும் இல்லை, மனம் தளர்ந்துவிட்டார் என்று டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பயிற்சிக்கு வந்த பெண் அட்டைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவராக முயற்சி செய்யும்போது கூப்பிடுங்கள் என்று போய்விட்டாள். அதன்பின் நான் கூப்பிடவில்லை.

இப்போது நான்தான் பேசுகிறேன். ஸ்கூலில் நடந்தது, ஆற்றில் தண்ணீர் வந்தது, எந்த வயலில் எந்த மெஷின் இறங்கியது என்று சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே சொல்கிறேன். அவர் வாயைத் திறக்கிறார், மெல்லுகிறார். கேட்கிறாரா என்று தெரியவில்லை. இந்த வருஷம் அந்தப் பாடத்தை எடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பாடம் உண்டென்றே தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன்.

“அன்னைக்கு என்னமோ சொல்ல வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

என்னைப் பார்த்தார். பிறகு தலையை லேசாக ஆட்டினார். மறந்துவிட்டது என்கிறாரா, இனி வேண்டாம் என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. தட்டில் பாதிச் சாதம் மிச்சமிருந்தது. அடுத்த வாய்க்கு அவர் வாயைத் திறக்கவில்லை.