ஒரே ஒரு இடியாப்பம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கப்பலில் உட்கார்ந்து பொய் சொன்னேன்.

கப்பலே பொய்தான். அதனால் என் பொய்யை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்தேன். தப்பு. எடுத்துக்கொள்ள வேண்டிய ஆள் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கப்பலைச் சொல்லிவிடுகிறேன். மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய மிளகுக் கிடங்கை ரெஸ்டாரன்ட் ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே கால் வைத்தால் வட்ட ஜன்னல், கயிற்று ஏணி, சுவரில் சுக்கான், மூலையில் ஆள் உயரத்துக்கு நங்கூரம்! வாசலில் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் கையில் ‘போர்டிங் பாஸ்’ தருவார்கள். மெனு கார்டுக்குப் பெயர் பாஸ்போர்ட். மேசைக்குப் பெயர் கேபின். பரிமாறுகிறவர்கள் எல்லாரும் மாலுமி உடுப்பில். மேனேஜர்—வேறென்ன, கேப்டன்.

ஞாயிற்றுக்கிழமையானால் வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும். பத்து நிமிடம் நடந்தால் நிஜக் கப்பலே கண்ணில் படும் ஊர் இது. ஆனால் அதில் பொறோட்டா கிடைக்காதே!

இனி, எதிரில் இருந்தவள். இந்திரா. என் தோழி. பள்ளுருத்திப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். என் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது என்று கடிதம் போடும் வாசகர்கள் ஒருமுறை இந்திராவிடம் பேசிப் பார்க்க வேண்டும்... அப்புறம் என்னை மன்னித்துவிடுவார்கள்.

அவளுக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை. குரல் போதும். பசியும் அந்தக் குரலுக்கு ஏற்ற பசி. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இந்திரா பாயசக்காரரைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொள்வாள்.

போன வருஷம் அவள் இரைப்பையில் ஒரு கட்டி. ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் ஒரு நேரத்துக்கு ஒரு கைப்பிடிதான் இறங்கும். அதையும் மெல்ல மென்று, மெல்ல விழுங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை.

அதிலிருந்து ஒன்பது மாதமாக அவள் எங்கேயும் சாப்பிடப் போகவில்லை. கல்யாணம், பிறந்தநாள், கோயில் விருந்து—எதற்கும் இல்லை. அசதி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் போன் வந்தது.

“டீ, எனக்கு அந்தக் கப்பல்ல போய் இருந்து தின்னணும். இன்னிக்கே.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கையில் இருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் முக்கால் மணி நேரம். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு டோக்கன் தள்ளி. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்ததும் இந்திரா, “எத்தனை மாசம் மோளே?” என்று ஆரம்பித்துவிட்டாள். ஏழு மாதம். பெயர் ஷைனி. புருஷன் ஜோஸி, இடக்கொச்சியில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன். ஷைனிக்கும் திடீரென்று இந்தக் கப்பல் மேல் ஆசை வந்துவிட்டதாம்.

எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நாலு பேர் உட்காரும் கேபின், ஜன்னல் ஓரம். ஆர்டர் எடுக்க வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டையில் ‘ஃபர்ஸ்ட் மேட் முருகேசன்’ என்று எழுதியிருந்தது. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. சொந்த ஊர் கம்பமாம்.

“சொல்லுங்கம்மா.”

“ஒரு இடியாப்பம். கொஞ்சம் இஷ்டு,” என்றாள் இந்திரா. இஷ்டு என்றால் உருளைக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்தது.

“செட்டா வரும்மா. நாலு.”

“எனக்கு ஒண்ணு மதி.”

“ஒண்ணேவாம்மா?” அவர் குரலில் கிண்டல் இல்லை. ஆனால் கண் ஒரு நொடி வாசல் பக்கம் போய் வந்தது. நானும் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வரிசை வெயிலில் நின்றது.

நாலு நாற்காலி. இரண்டு பெண்கள். ஒரு இடியாப்பம்!

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்து கேபின் பார்ப்பது போலவும், வரிசை முழுக்க என் முதுகைப் பார்ப்பது போலவும் இருந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில், பெரிய எழுத்தில் ஒன்று கண்ணில் பட்டது.

“அதோட... ஒரு கேப்டன் விருந்து!”

முருகேசன் ஒருமுறை தயங்கினார். “அது நாலு பேருக்கும்மா.”

“பரவாயில்லை.”

கேப்டன் விருந்து ஆர்டர் செய்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்—மணி அடிப்பார்கள். கூரையில் தொங்கும் பித்தளை மணியை ஒருவர் டணால் டணால் என்று அடிக்க, எல்லா மாலுமிகளும் சேர்ந்து “ஓஹோய்!” என்று கத்துவார்கள். கப்பலே திரும்பிப் பார்த்தது. யாரோ போட்டோகூட எடுத்தார்கள். நான் சிரித்தேன். இந்திரா சிரிக்கவில்லை.

வந்தது விருந்து. படகு வடிவத்தில் நீளமான மரத்தட்டு. நடுவில் நெய்ச்சோறு, இந்தக் கோடியில் இறால் வறுவல், அந்தக் கோடியில் கணவாய், இடையில் இரண்டு முழுக் கரிமீன். அதன் பக்கத்தில், ஒரு சின்ன வெள்ளைத் தட்டில், ஒற்றை இடியாப்பம்.

தொடங்கினேன். முதல் மூன்று இறால் ருசியாக இருந்தது. நாலாவதிலிருந்து கடமை. இந்திரா இடியாப்பத்தில் ஒரு நூலை இஷ்டுவில் தோய்த்து வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள். நான் ஏழாவது இறாலில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

முருகேசன் வந்தார். இந்திராவின் தட்டையும் என் தட்டையும் பார்த்தார். “ஏம்மா, அவங்க எதுவுமே எடுத்துக்கல... நல்லா இல்லையா?”

அப்போதுதான் அந்தப் பொய்.

“அதெல்லாம் இல்ல. அவங்களுக்கு இன்னைக்கு விரதம்.”

இந்திரா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“எனக்கென்னடீ விரதம்? வயித்துல முக்காலும் வெட்டி எடுத்தாச்சுன்னு சொல்ல உனக்கு என்ன நாணக்கேடு?”

மூன்று கேபினுக்குக் கேட்டிருக்கும். அவள் சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் பேசினாள். அவளுடைய சாதாரணம் அது.

“மெதுவாடீ...”

“எதுக்கு மெதுவா? என் வயிறு. நானே நாணப்படல, நீ எதுக்குப் படற? ஒன்பது மாசமா நான் ஒரு இடத்துக்கும் போகாம இருந்தது எதுக்குன்னு நினைச்ச? தின்ன முடியாதுன்னா? இல்ல. நான் தின்னாததை மறைக்கிறதுக்கு நாலு பேர் சுத்தி நின்னு பாடுபடுவா. என் இலையில இருக்கறதை எடுத்துத் தன் இலையில போட்டுக்குவா. ‘அவளுக்குத் தலைவலி’ன்னு யாரோ பறயும். நீயாவது அப்படிச் செய்யமாட்டேன்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இறாலில் காரம் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு ஒரு பொய் போதும் என்று சும்மா இருந்தேன்.

முருகேசன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். இந்திரா அவரிடம் திரும்பினாள்.

“முருகேசா, எனக்கு இந்த ஒண்ணைத் தின்னு முடிக்க இனியும் அரை மணிக்கூர் ஆகும். அவசரப்பட்டா இறங்காது. அதுவரைக்கும் ரெண்டு சீட்டு இங்க வெறுதே கிடக்கு. வாசல்ல ஒரு மாசமாயிருக்கிற பொண்ணு இருக்கு. அவளை இங்க கொண்டு வந்து இருத்து.”

“கேப்டன் விடமாட்டாரும்மா... கேபின்னா தனித்தனிதான்.”

அதற்குள் கேப்டனே வந்துவிட்டார். முப்பது வயது, தங்கக் கோடு போட்ட தொப்பி. மிக மரியாதையாக, “சேச்சி, ஷேரிங் நம்ம பாலிஸி இல்ல. கெஸ்ட்டுக்கு அது கம்ஃபர்ட்டபிளா இருக்காது,” என்றார்.

“கெஸ்ட்டுகிட்டே கேட்டீங்களா?”

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் இவள் எழுந்து வாசலுக்கே போய்விட்டாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மைதானத்துக் கடைசி வரிசையை நிமிர வைத்த அந்தக் குரலில்—

“ஷைனீ! ரெண்டு சீட்டு இருக்கு! எங்ககூட இருக்கியா? நான் கொஞ்சம்தான் தின்பேன், நிறைய பேசுவேன்!”

வரிசையே சிரித்தது. ஜோஸி யோசிப்பதற்குள் ஷைனி எழுந்துவிட்டாள். முன் டோக்கன்காரர் யாரும் முணுமுணுக்கவில்லை. ஏழு மாத வயிற்றுக்கு முன்னால் டோக்கன் நம்பர் என்ன செய்யும்? கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கவுண்டர் பக்கம் போய்விட்டார்.

வந்து உட்கார்ந்த ஷைனியின் கண் நேராக மரத்தட்டில் விழுந்தது. எனக்குப் புதுச் சங்கடம். பாதி சாப்பிட்ட தட்டை எப்படி நீட்டுவது?

“அந்தக் கோடி தொடல,” என்றாள் இந்திரா. “இவ இந்தக் கோடியிலேருந்து வரிசையா தின்னுக்கிட்டு வர்றா, புல் வெட்டற மாதிரி.”

“ஞான் ஒண்ணு எடுத்தோட்டே?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஷைனி ஒரு துண்டு கணவாயை எடுத்துவிட்டாள். ஜோஸி “எடீ!” என்று பதறினான். நான் தட்டையே அவர்கள் பக்கம் தள்ளினேன். வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக நான் யாருக்கும் சோறு போட்டதில்லை.

இரண்டு உயிருக்குச் சாப்பிடுகிறவள், தட்டு காலியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அங்கேயும் தப்பு. மூன்று துண்டு கணவாய், இரண்டு வாய் சோறு... ஷைனி கையை எடுத்துவிட்டாள்.

“மதி சேச்சி. குழந்தை மேல ஏறி உட்கார்ந்திருக்கு, சோறு இறங்கமாட்டேங்குது,” என்றாள். அவள் சொன்னது மலையாளத்தில், தமிழ் என்னுடையது. வீட்டில் மாமியார், நாத்தனார் எல்லாரும் ரெண்டு பேருக்குச் சாப்பிடு, ரெண்டு பேருக்குச் சாப்பிடு என்று தட்டை நிரப்புகிறார்களாம். இவளுக்கோ ஒரு ஆளுக்கே இடம் இல்லை.

இந்திரா முன்னால் சாய்ந்தாள். “ஒரு நாளைக்கு எத்தனை தடவையா தின்ற?”

“ஆறு. சிலப்போ ஏழு.”

“எனக்கும் ஆறு!”

அப்புறம் எங்களை யார் கவனித்தார்கள்? காலை பத்தரைக்கு என்ன, சாயங்காலம் நாலுக்கு என்ன, கஞ்சி நல்லதா, அவல் நல்லதா, உபசாரம் செய்கிறவர்களை எப்படிச் சமாளிப்பது... அறுபது வயதும் இருபத்தாறு வயதும் பழைய சிநேகிதிகள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இந்திரா கை நீட்டி ஒரு இறாலை எடுத்தாள். ஒன்றே ஒன்று. பத்து நிமிடம் மென்றிருப்பாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் இறால்... அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நல்ல வேளை, ஜோஸிக்குப் பசி இருந்தது. கரிமீனின் முள்ளை மட்டும் விட்டுவைத்துவிட்டு மிச்சத்தை அவனே முடித்தான். முடித்துக்கொண்டே கப்பலையும் ரிப்பேர் பார்த்தான். “அந்த நங்கூரம் தெர்மோகோல். சுக்கானைத் தலைகீழா மாட்டியிருக்கான். இந்த ஏணியில ஏறினா கடல்லதான் விழணும்.” முருகேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

காலித் தட்டை எடுக்கும்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். “எங்க ஊர் மெஸ்ல எல்லாம் இப்படித்தாம்மா, காலி இடத்துல யாரு வேணா உக்காருவாங்க. கேபின்னு ஒண்ணை நான் இங்க வந்துதான் பார்த்தேன்.”

யோசித்துப் பார்க்கிறேன். இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்பதற்குக்கூட நம்மிடம் முறை இருக்கிறது. கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் பக்கத்தில் எப்படி உட்காருவது என்பதற்கு மட்டும் ஏன் யாரும் சொல்லித் தரவில்லை? ஜனம் காத்திருக்கும் இடத்தில் ஒரு இடியாப்பத்தோடு மேசையைப் பிடித்துக்கொண்டிருப்பது சங்கடம்தான், மறுக்கவில்லை. அதற்கு இந்திரா கண்ட வழி, காலி நாற்காலியைக் கொடுப்பது. நான் கண்ட வழி, பன்னிரண்டு இறால்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். கிடங்குத் தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. இந்திரா என் கையைக் கோத்துக்கொண்டு, “நல்லா தின்னேன்டீ,” என்றாள். ஒரு இடியாப்பம், ஒரு இறால்.

நான் வாயைத் திறக்கும் நிலையில் இல்லை.

அடுத்தவர் வயிற்றுக்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, நம் வயிற்றைக் கவனித்தால் போதும்—திங்கட்கிழமை முழுக்க என் வயிறு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.